யானையைக் கட்டித் தீனி போடுவது யார்?

விழுந்த மரத்தை அள்ளக் குட்டி லோடர்கள் வந்துவிட்டன. சொந்தமாக வாங்குவதா, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதா? சாந்த்ராகாச்சியில் நின்று கணக்குப் போட்டால், புயல் நாளை விட மற்ற நாட்கள்தான் விடையைத் தீர்மானிக்கின்றன.

2020 மே 20-ம் தேதி மாலை அம்பன் புயல் சுந்தரவனத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது கொல்கத்தாவின் அலிப்பூரில் காற்றின் வேகம் மணிக்கு 114 கிலோமீட்டர், டம்டம்மில் 133. நள்ளிரவுக்குப் பிறகு காற்று ஓய்ந்துவிட்டது. நகரத்தின் உண்மையான சோதனை மறுநாள் காலையில் தொடங்கியது. ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்து சாலைகளை மறித்துக் கிடந்தன. மரம் கம்பியை இழுத்தது. கம்பி அறுந்ததால் மின்சாரம் போனது. மின்சாரம் போனதால் மோட்டார் ஓடவில்லை, மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த மக்கள் மூன்றாம் நாள் தெருவில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். மே 23 அன்று மாநில அரசு ராணுவத்தின் உதவியைக் கேட்டது. ஐந்து பிரிவுகளாகப் படைவீரர்கள் வந்து மரம் அறுத்தார்கள். பக்கத்து ஒடிசாவிலிருந்து பேரிடர் படையினரும் தீயணைப்பு வீரர்களுமாகச் சுமார் 500 பேர் வந்து சேர்ந்தார்கள்.

கொரோனா ஊரடங்கு காலம் என்பதால் ஆள் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆள் இருந்திருந்தாலும் கைகளால் எவ்வளவு தூக்கியிருக்க முடியும்? அரை மீட்டர் குறுக்களவுள்ள பச்சை மரத்தண்டில் மூன்று மீட்டர் நீளத்தை அறுத்தெடுத்தால் அதன் எடை அரை டன்னுக்குக் குறையாது. பத்துப் பேர் தோள் கொடுத்தால் நகர்த்தலாம். லாரியில் ஏற்றுவது வேறு விஷயம். அதனால் அதை நான்காக, ஐந்தாக நறுக்க வேண்டும். ஒவ்வொரு நறுக்கலும் ரம்பத்தின் நேரம். ரம்பமோ அடுத்த தெருவுக்குத் தேவைப்படுகிறது. அறுத்த துண்டுகளும் கிளைக் குவியல்களும் நடைபாதையோரம் நாள் கணக்கில் கிடந்ததன் காரணம் இதுதான். அறுப்பதற்கு எப்படியோ ஆள் சேர்ந்துவிட்டது. அள்ளுவதற்கு ஆளும் இல்லை, இயந்திரமும் போதவில்லை.

அந்த இடத்தை நிரப்ப ஓர் இயந்திரம் இருக்கிறது. சென்னைவாசிகளுக்கு அது புதிதல்ல. மாநகராட்சிக் குப்பைத் தொட்டியருகே நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும் அந்தக் குள்ளமான வண்டியைப் ‘பாப்காட்’ என்றே ஊர் அழைக்கிறது. முறையான பெயர் ஸ்கிட் ஸ்டியர் லோடர். பாப்கேட் என்பது வட அமெரிக்கக் காட்டுப்பூனை ஒன்றின் பெயர். 1962-ல் ஒரு நிறுவனம் அதைத் தன் வண்டிக்குச் சூட்டியது. ஜெராக்ஸ் மாதிரி, நிறுவனத்தின் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. அந்த நிறுவனத்துக்குச் சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டியிலும் இன்று தொழிற்சாலை உண்டு.

பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராத்சே என்ற சிற்றூரில் கெல்லர் சகோதரர்கள் பட்டறை வைத்திருந்தார்கள். வான்கோழிப் பண்ணை வைத்திருந்த ஒருவர், கொட்டகைத் தூண்களுக்கு நடுவே புகுந்து எருவை அள்ளும் அளவுக்குச் சிறிய வண்டி வேண்டுமென்றார். 1957-ல் மூன்று சக்கரத்தில் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். பின்னால் அது நான்கு சக்கரமானது. இந்த வண்டியில் சக்கரங்கள் திரும்புவதில்லை. இடப்பக்கச் சக்கரங்கள் ஒரு வேகத்திலும் வலப்பக்கச் சக்கரங்கள் வேறு வேகத்திலும் ஓட, வண்டி தரையைத் தேய்த்துக்கொண்டு திரும்புகிறது. இந்தத் தேய்ப்புதான் அதன் பலம். மரங்களுக்கு நடுவே கொண்டுபோகும்போது அதுவே பெரிய பலவீனமும் ஆகிறது.

மேலை நாடுகளில் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர் கையில் இத்தகைய குட்டி லோடர் சாதாரணம். நின்றுகொண்டே ஓட்டும் ஆஸ்திரேலிய ரகம் உண்டு. நடு இடுப்பில் மடங்கித் திரும்பும் பின்லாந்து ரகம் உண்டு. அங்கே கணக்கு எளிது. ஓர் ஆளின் மணிக்கூலி உயர்வு. இரண்டு ஆட்களைக் குறைத்தால் வண்டி தன் விலையைத் தானே மீட்டுவிடும். அதே கணக்கை ஹவுராவில் போட்டால் விடை வேறாக வருகிறது.

சந்தும் ஏரியும்

கொல்கத்தா ரயிலில் போய்வரும் தமிழர்களுக்குச் சாந்த்ராகாச்சி தெரிந்த பெயர். சென்னையிலிருந்து புறப்படும் சில ரயில்கள் ஹவுராவுக்குள் நுழையாமல் இங்கேயே நின்றுவிடுகின்றன. வேலூருக்கும் சென்னைக்கும் சிகிச்சைக்காக வந்து திரும்பும் வங்காளிகள் மூட்டையும் எக்ஸ்ரே உறையுமாக இங்கே இறங்குவது அன்றாடக் காட்சி. ஹவுரா மாநகராட்சிக்கு உட்பட்ட இந்தப் பகுதியைக் கோனா எக்ஸ்பிரஸ்வே தொட்டுச் செல்கிறது. அதே சாலையில் கிழக்கே போனால் 1992-ல் திறக்கப்பட்ட வித்யாசாகர் பாலம் வழியாகக் கொல்கத்தா. தென்கிழக்கே சில கிலோமீட்டரில் ஷிப்பூர் தாவரவியல் பூங்கா.

நிலையத்தை ஒட்டிச் சுமார் 30 ஏக்கரில் சாந்த்ராகாச்சி ஏரி. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் சீழ்க்கைச் சிறகிகளும் வேறு நீர்ப்பறவைகளும் வந்திறங்கும் இடம். பறவைகள் வரும் முன் ஒவ்வோர் ஆண்டும் ஆகாயத்தாமரையை அப்புறப்படுத்த வேண்டும். முழுவதுமாக அல்ல, பறவைகள் உட்கார ஆங்காங்கே தீவு போல விட்டுவைத்து. ஏரி நிலம் ரயில்வேக்குச் சொந்தம், அதில் கலக்கும் கழிவுநீரோ ஊருடையது. யார் சுத்தம் செய்வது என்ற வழக்கு 2016-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது.

குட்டி லோடருக்கு ஏற்ற நிலப்பரப்பு என்று ஒன்றை வரையச் சொன்னால் சாந்த்ராகாச்சி மாதிரிதான் வரைய வேண்டும். உள்தெருக்கள் குறுகல். சுமார் ஏழரை டன் எடையும் இரண்டேகால் மீட்டர் அகலமுமுள்ள ஜேசிபி பெரிய சாலையோடு நின்றுவிடும். மரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டே நகரும் ‘ஹைட்ரா’ கிரேனுக்கு மேலே வெட்டவெளி வேண்டும். இங்கே மேலே பார்த்தால் மின்கம்பியும் கேபிள் டி.வி. வயர்களும்தான். நடுத்தர ஸ்கிட் ஸ்டியர் சுமார் மூன்று டன், அகலம் ஒன்றேமுக்கால் மீட்டர் அளவில். மிகச்சிறியது ஒரு மீட்டருக்கும் குறைவான அகலம். வீட்டு காம்பவுண்டு கேட்டுக்குள் நுழைந்துவிடும்.

விற்பனைத் தாளில் இருக்கும் அளவுகளை நம்பிக் காசு போட்டவர்கள் முதல் வாரத்திலேயே கற்கும் பாடம் ஒன்றுண்டு. வண்டி சந்துக்குள் போகும், மரம் போகாது. லோடர் தண்டைக் குறுக்காகத்தான் ஏந்துகிறது. மூன்று மீட்டர் கட்டையை ஏந்தினால் வண்டியின் அகலமும் மூன்று மீட்டர்தான். ஆகவே சந்துக்குள் ஒன்றரை மீட்டராக நறுக்க வேண்டும், இல்லையேல் சங்கிலி கட்டி இழுக்க வேண்டும். இழுத்தால் தரை கிழியும்.

தூக்கும் எடையிலும் இதே போன்ற சூட்சுமம். சக்கர லோடர் கவிழ்ந்துவிடும் எடை எதுவோ அதில் பாதியைத்தான் பாதுகாப்பான சுமையாகக் குறிப்பது உலக வழக்கம். 700 கிலோ என்று எழுதியிருந்தால், அதில் மரத்தைக் கவ்வும் ‘கிராப்’பின் சொந்த எடை 200, 300 கிலோ கழியும். மிச்சத்தில் தூக்குவது, மேலே சொன்ன அரை மீட்டர் தண்டில் சுமார் இரண்டரை மீட்டர். அதையும் தரையோடு ஒட்டியே கொண்டுபோக வேண்டும். கையை உயர்த்திக்கொண்டு திரும்பினால் வண்டி தலைகுப்புறச் சாயும். கிராப் இல்லாமல் வெறும் மண்ணள்ளும் பக்கெட்டோடு மர வேலைக்குப் போவது கரண்டியால் முறுக்கு எடுப்பது மாதிரி; முடியும், பாதி கீழே விழும். ஆனால் நம் நாட்டில் இந்த வண்டிகள் பெரும்பாலும் பக்கெட்டோடுதான் வாங்கப்படுகின்றன. கிராப் தனி விலை. வேர்க்கட்டையை அரைக்கும் இணைப்பு வேண்டுமானால் அதற்கும் தனி விலை; அதை ஓட்ட ஹைட்ராலிக் எண்ணெயோட்டம் அதிகமுள்ள, விலை கூடிய வண்டியும் வேண்டும்.

இன்னொன்று, ஆபரேட்டரின் உயிர். இந்த வண்டியில் பெரும்பாலும் கதவு முன்பக்கம். பக்கெட்டை மிதித்துத்தான் ஏற வேண்டும். முன்னால் கிளை சரிந்து அடைத்துக்கொண்டால் பின் ஜன்னல் வழியாகத்தான் வெளியே வர முடியும். மர வேலைக்கு முன்கண்ணாடியில் உறுதியான தடுப்பு அவசியம். அதை மிச்சம் பிடிப்பவர்கள் எதை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று யோசிப்பதில்லை.

ஆயிரம் மணி நேரம்

சரி, பணம். ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். தொகைகள் ஒப்பீட்டுக்காகத்தான், விலை ரகத்துக்கு ரகம் மாறும். கிராப் உட்பட 25 லட்சம் ரூபாய்க்கு ஒரு நடுத்தர லோடர் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து லட்சம் கையிலிருந்து, 20 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு. மாதத் தவணை சுமார் 43,500 ரூபாய், ஆண்டுக்கு 5.2 லட்சம். ஆபரேட்டருக்கு மாதம் 20,000 என்றால் ஆண்டுக்கு 2.4 லட்சம். காப்பீடு, நிறுத்துமிடம், இதர சில்லறைக்கு 60,000. ஆக, வண்டி ஒரு மரத்தைக்கூடத் தொடாவிட்டாலும் ஆண்டுக்கு 8.2 லட்சம் செலவு.

ஓடும்போது மணிக்கு ஐந்து லிட்டர் டீசல், லிட்டர் 90 ரூபாய் எனில் 450. டயர், ஹோஸ், பின், புஷ், எண்ணெய் எல்லாம் சேர்த்து 250. தார்ச்சாலையில் தேய்த்துத் திரும்பும் வண்டி என்பதால் டயர் செலவை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. மொத்தம் மணிக்கு 700.

இதே வண்டி ஆபரேட்டரும் டீசலும் சேர்த்து மணிக்கு 1,500 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கிறது என்று கொண்டால், சொந்த வண்டி ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மிச்சம் 800. 8.2 லட்சத்தை 800-ஆல் வகுத்தால் வருவது 1,025. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் ஓடினால்தான் சொந்த வண்டி வாடகைக்குச் சமமாகிறது. நாளுக்கு ஆறு மணி நேர வேலை என்றால் 170 நாள்.

மரம் வெட்டுவதை மட்டுமே தொழிலாக வைத்திருக்கும் ஓர் ஒப்பந்தக்காரருக்கு 170 நாள் லோடர் வேலை எங்கே கிடைக்கும்? தாராளமாகப் பார்த்தாலும் 60, 70 நாள். ஆண்டுக்கு 400 மணி நேரம் ஓடினால், ஒரு மணி நேரச் செலவு 2,750 ரூபாய் ஆகிறது. வாடகை வண்டியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மறுபுறம் 1,500 மணி நேரம் ஓட்ட முடிந்தால் செலவு 1,250 அளவுக்கு இறங்கி, ஆண்டுக்கு மூன்றே முக்கால் லட்சம் வரை மிஞ்சும். ஐந்தாண்டு முடிவில் பழைய வண்டியை விற்றுவரும் காசு வேறு.

வாடகைக்காரர்கள் சொல்லாத செலவும் உண்டு. இந்த வண்டி சாலையில் ஆமை வேகம். பக்கத்துப் பேட்டையிலிருந்து வருவதற்குக்கூட லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். இரண்டு மணி நேர வேலைக்கு வண்டி கூப்பிட்டால் லாரிக் காசு வாடகையை விழுங்கிவிடும். குறைந்தபட்சம் இத்தனை மணி என்ற நிபந்தனையும் இருக்கும். ஆகவே ஒரு மரம், இரண்டு மரம் என்று சில்லறை வேலை செய்பவருக்கு வாடகையும் கட்டுப்படியாவதில்லை. அவர் பழையபடி ஆறு ஆள், நான்கு கயிறு, ஒரு ரம்பத்தோடு போகிறார். ஆளுக்கு 600 ரூபாய் என்றால் ஆறு பேருக்கு 3,600. லோடரின் ஆறு மணி நேரத்துக்கு 9,000. சின்ன மரத்துக்கு ஆள்தான் மலிவு. கசப்பான உண்மை என்னவென்றால், அந்தக் கணக்கில் ஆளின் முதுகெலும்புக்கு விலை போடப்படுவதில்லை. கட்டை உருண்டு கால் நசுங்கினால் செலவு ஒப்பந்தக்காரரின் நோட்டில் ஏறாது, கூலிக்காரரின் குடும்பத்தில் ஏறும்.

விலை இறங்கும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. கட்டுமான வண்டிகளுக்கு 2021 ஏப்ரலில் ஒரு புகை விதி, 2025-ல் அதைவிடக் கடுமையான ஐந்தாம் நிலை விதி. நுரையீரலுக்கு நல்லது. ஆனால் புதிய எஞ்சின் விலையையும் பழுதுபார்க்கும் சிக்கலையும் கூட்டியிருக்கிறது. சந்துமுனை மெக்கானிக் ஸ்பானரோடு தீர்த்துவைத்த கோளாறுக்கு இப்போது கம்ப்யூட்டரோடு ஆள் வர வேண்டியிருக்கிறது.

அப்படியானால் 1,000 மணி நேரம் யாருக்குக் கிடைக்கும்? மரத்தை மட்டும் நம்பாதவருக்கு. மேற்கு வங்கத்தில் லோடரைப் ‘பேலோடர்’ என்பார்கள். குப்பை அள்ளுவதே அதன் அன்றாடப் பிழைப்பு. காலையில் குப்பை, மழைக்கு முன் சாக்கடைச் சேறு, ஐப்பசி கார்த்திகையில் ஏரிக்கரையில் ஆகாயத்தாமரை, இடையிடையே இடிபாடும் மணலும். ஆகாயத்தாமரையின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். வலையும் கயிறும் போட்டுக் கரைக்கு இழுப்பது மனிதன். கரையில் குவிந்ததை லாரியில் ஏற்றும் முதுகொடிக்கும் வேலையை லோடர் எளிதில் செய்துவிடும். இப்படி வருடம் முழுக்க ஓடிச் சம்பாதிக்கும் வண்டிக்கு மர வேலை என்பது கூடுதல் வருமானம். மர வேலைக்காகவே வாங்கி, மற்ற வேலை தேடி அலைகிற வண்டி தவணைக்கே திணறும். இரண்டும் ஒரே வண்டிதான். வாங்கியவரின் தொழில்தான் வேறு.

மாநகராட்சிகள் வாங்குவதற்கான வாதமும் இதிலேயே இருக்கிறது. தினமும் குப்பை உள்ளவர்கள் அவர்கள்தான். ஹவுரா மாநகராட்சிக்கு 2013-ல் தேர்தல் நடந்தது. 2018 இறுதியில் மன்றத்தின் காலம் முடிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளின் நிர்வாகம். லோடரைக் குப்பைக்காக வாங்கும்போதே ஒரு கிராப்பும் சேர்த்து வாங்கி, ஆபரேட்டரை மர வேலைக்குப் பழக்குவதற்குப் பெரிய தீர்மானம் தேவையில்லை, கொஞ்சம் முன்யோசனை போதும். ஆனால் கவுன்சிலர் இல்லாத வார்டில் அந்த யோசனையை யார் எழுப்புவது?

ஆலமரத்தடியில் வேண்டாம்

குட்டி லோடர் எங்கே போகக் கூடாது என்பதைச் சொல்ல ஷிப்பூர் பூங்காவை விடப் பொருத்தமான இடமில்லை. 1787-ல் ராபர்ட் கிட் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய தோட்டம். இன்று ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் பெயரில், 270 ஏக்கருக்கு மேல். அங்கேதான் 250 ஆண்டுகளைக் கடந்த பெரிய ஆலமரம். 1864, 1867 புயல்களில் அடிபட்டு, காளான் நோய் பிடித்த தாய்த்தண்டை 1925-ல் அறுத்தெடுத்துவிட்டார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகள் தாங்க, நடு இல்லாமலே மரம் வாழ்கிறது. 1864 அக்டோபர் 5 புயலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரங்களை இழந்த அதே பூங்கா, 156 ஆண்டு கழித்து அம்பனிலும் ஆயிரத்துக்கு மேல் இழந்தது. ஆலமரத்திலும் பல விழுதுகள் முறிந்தன.

அங்கே விழுந்த ஆயிரம் மரங்களை அள்ள இயந்திரம் வேண்டும்தான். ஆனால் மரத்தின் உணவு வேர்கள் பெரும்பாலும் மேலாக ஓரிரு அடி ஆழத்துக்குள்தான் பரவியிருக்கின்றன. கங்கைக் கரை வண்டல்மண், மே மாத மழையில் ஊறியது. அதன்மேல் மூன்று டன் வண்டி, அதுவும் சக்கரத்தைத் தேய்த்துத் திரும்பும் வண்டி, நாலு தடவை போய்வந்தால் மண் இறுகிக் காற்றும் நீரும் இறங்காது. விழுந்த மரத்தை அகற்றப் போய், நிற்கும் மரத்துக்கு மெதுவாக விஷம் வைத்த கதைதான். இதன் பலன் உடனே தெரியாது. மூன்று, நான்கு வருடத்தில் உச்சிக்கிளைகள் காயும்போது வண்டி வந்துபோனது யாருக்கும் நினைவிருக்காது.

இதற்கு வழிகள் உண்டு. சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை ஓடும் ரகம் எடையைப் பரப்பிவிடும். ஆனால் விலையும் பராமரிப்பும் கூடுதல். இடுப்பு மடங்கும் ரகம் தரையைக் கிழிக்காது. எதுவும் இல்லையென்றால் தடித்த பலகை விரித்து ஒரே தடத்தில் போய்வரலாம். தென்னங்கீற்றும் கிளைத்தழையும் கூட அவசரத்துக்கு மெத்தையாகும். மரத்தடியில் திரும்பாமல் வெளியே வந்து திரும்பு என்று ஆபரேட்டருக்குச் சொல்வதற்குக் காசே ஆகாது.

வேகத்திலும் ஓர் ஆபத்து. சாய்ந்த மரம் எல்லாம் செத்த மரம் அல்ல. அம்பனுக்குப் பிறகு ரவீந்திர சரோபர் பகுதியில் சில மரங்களைக் கிளை கழித்து நிமிர்த்தி மறுபடி நட்டார்கள். மணிக்கு 1,500 ரூபாய் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் முன்னால் நின்று, இந்த மரம் பிழைக்குமா என்று யோசிக்க யாருக்கும் பொறுமை இராது. மேற்கு வங்கத்தில் காட்டுக்கு வெளியே உள்ள மரங்களை வெட்ட 2006-ம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். விழுந்த மரத்துக்காக வாதாடுவதற்குத்தான் யாருமில்லை.

தமிழ்நாட்டிலும் இந்தக் கணக்கை ஒருமுறை அரசே போட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, விழுந்த தென்னை ஒன்றுக்கு இழப்பீடு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். கவனிக்க வேண்டியது அந்த 500. ஒரு மரத்தின் மதிப்புக்கு 600 என்றால், அதன் உடலை அப்புறப்படுத்த மட்டும் 500! மணிக்கு 1,200 ரூபாய் வாடகையில் ஜேசிபி பிடித்தால் 500 ரூபாய்க்கு 25 நிமிடம் கிடைக்கும். அதற்குள் தண்டை இழுத்து, துண்டாக்கி, வரப்போரம் சேர்த்துவிட வேண்டும். புயலடித்த வாரத்தில் வாடகை அதே இடத்தில் நிற்காது என்பது தோப்புக்காரர்களுக்குத் தெரியும். அப்படியே விட்டுவைக்கவும் முடியாது. மட்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, நிற்கிற மரங்களின் குருத்தைத் துளைக்கும். அகற்றும் வேகம் அங்கே அழகுப் பிரச்சினை அல்ல, அடுத்த தலைமுறைத் தோப்பின் பிரச்சினை.

அரை ஏக்கர், ஓர் ஏக்கர் தென்னை வைத்திருக்கும் விவசாயி லோடர் வாங்குவது நடக்காத காரியம். சங்கமாகச் சேர்ந்து வாங்கினால் மட்டையும் உரமும் காயும் ஏற்றி ஆண்டு முழுக்க ஓட்டலாம். ஆனால் பத்துப் பேருக்கு ஒரு வண்டி என்றால் புயலுக்கு மறுநாள் யார் தோப்புக்கு முதலில் போவது என்ற சண்டை நிச்சயம். வரிசையை முன்னமே எழுதி வைக்காத கூட்டு வண்டி முதல் புயலிலேயே கூட்டை உடைத்துவிடும்.

இந்த விஷயத்தில் ஒடிசா எடுத்த வழி கவனிக்கத்தக்கது. 1999 பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேரைப் பலிகொடுத்த மாநிலம் அது. 2001-ல் தனக்கென ஒரு பேரிடர் அதிரடிப் படையை அமைத்தது. வெட்டும் கருவிகள், ஆட்கள், பயிற்சி எல்லாம் மாநிலத்தின் சொந்தப் பொறுப்பில். 2019 மே 3 அன்று ஃபானி புயல் பூரியையும் புவனேஸ்வரத்தையும் புரட்டிப்போட்டபோது அந்தப் படைக்கு வேலை கொட்டிக் கிடந்தது. மறுவருடம் கொல்கத்தாவுக்கு ஆள் அனுப்பும் நிலையில் அது இருந்தது. லாபநஷ்டக் கணக்கில் அது ஓர் ஆண்டில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. தீயணைப்பு வண்டியை மணிக்கணக்கில் யாரும் வாடகைக்கு எடுப்பதில்லை என்பதே அதற்கு விளக்கம்.

ஒப்பந்தக்காரருக்கு ஆயிரம் மணி நேரக் கணக்கு சரி. மாநகராட்சிக்கு அதே கணக்கை அப்படியே போட்டால், 2020 மே மாதத்தில் இருட்டில் கழிந்த நாட்களுக்கு மணிக்கு என்ன விலை என்ற கேள்வியும் கூட வரும். அதே நேரத்தில், பேரிடருக்கென்று வாங்கிக் கொட்டகையில் பூட்டி வைத்த லோடர் ஓராண்டில் பேட்டரி இறங்கி, டயர் வெடித்து, எலி ஹோஸைக் கடித்துக் கிடக்கும். தேவைப்படும் நாளில் ஓட்டத் தெரிந்தவரும் இருக்கமாட்டார். தினமும் குப்பை அள்ளும் வண்டிதான் புயல் நாளில் சாவி போட்டவுடன் கிளம்பும். கிராப்பும் சங்கிலியும் இரண்டு ஜோடி ஹோஸும் மட்டும் தனியே எண்ணெய் பூசி வைத்திருந்தால் போதும்.

சாந்த்ராகாச்சியில் அடுத்த வேலை புயலுக்காகக் காத்திருக்கவில்லை. கோனா எக்ஸ்பிரஸ்வேயின் மேல் 7.2 கிலோமீட்டர் நீள ஆறுவழி உயர்மட்டச் சாலைக்குப் பிரதமர் 2025 ஆகஸ்ட் 22 அன்று அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 1,200 கோடி ரூபாய்க்கு மேல். அத்தனை பெரிய வேலைக்கு லோடர்கள் எப்படியும் ஊருக்குள் வந்து நிற்கும். பகலில் ஒப்பந்த நிறுவனத்துக்கு ஓடும் வண்டியை, புயல் எச்சரிக்கை வந்த 24 மணி நேரத்துக்குள் மாநகராட்சியின் வசம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால், வாங்கும் செலவு இல்லை, தவணை இல்லை, கொட்டகை இல்லை. வாடகை விகிதத்தையும் அந்த வரியிலேயே எழுதிவிட வேண்டும். புயல் வந்த பிறகு பேரம் பேசப் போனால் மணிக்கு 1,500 என்பது எந்த எண்ணாக மாறும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.